ஐம்பது ரூபாய் செல்லும், 'போர்டு போச்சு' என்கிற பொய்யும்

பரணில் இருந்து ஒரு பழைய லாப்டாப்பை இறக்குகிறார் ஒருவர். 2004ல் வந்த ஐபிஎம் திங்க்பேட் டி42 என்று வைத்துக்கொள்ளுங்களேன். தூசி தட்டி, அடாப்டரைச் சொருகி, பட்டனை அழுத்துகிறார். ஃபேன் சுத்துது, லைட் எரியுது. அப்புறம் 'பீப்'. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு எர்ரர் நம்பர். விண்டோஸ் வரக் காணோம்.

அடுத்து என்ன? பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். கவுண்டரில் இருக்கும் தம்பி ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார்.

"போர்டு போச்சு சார். இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வராது. எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டு புதுசா ஒண்ணு பாருங்க."

ஆட்டம் குளோஸ். அந்த வீட்டுக் கல்யாண போட்டோ, தாத்தா டைப் பண்ணி வைத்த கணக்கு, அக்காவோட காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் பழைய இரும்புக்குப் போகும் ஒரு டப்பாவுக்குள்ளேயே போய்விடும். இத்தனைக்கும் உள்ளே செத்துக் கிடப்பது என்ன தெரியுமா? பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் சின்னதாக, டீ, வடை, பஜ்ஜி மூன்றும் சேர்ந்த விலையில் கிடைக்கும் ஒரு பட்டன் செல்.

இந்தப் பதிவு அந்தச் செல்லைப் பற்றியது. அதைவிட, அந்தச் செல்லை மறைத்து நடக்கும் வியாபாரத்தைப் பற்றியது.

முதலில் அந்தச் செல் என்ன வேலை பார்க்குது?

லாப்டாப்பை அணைத்து ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் சரியான தேதி, நேரம் காட்டுகிறதே, எப்படி? உள்ளே ஒரு குட்டிக் கடிகாரம் தனியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. 1984ல் ஐபிஎம் பிசி ஏடி வந்தபோது இந்த ஏற்பாடும் வந்தது. மோட்டோரோலாவின் 146818 என்ற சிப். அதில் மொத்தமே 64 பைட் நினைவகம். 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 பைட் கணினியின் செட்டிங்ஸுக்கு. அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான் பின்னால் வந்த லாப்டாப்களிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம். விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விநோத எண்? 2ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள், 32,768 வரும். அதைப் பாதி, பாதி என்று 15 தடவை வகுத்தால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு. கைக்கடிகாரத்திலும் இதே கதைதான்.

இந்தக் கடிகாரத்துக்குக் கஞ்சி ஊற்றுவதுதான் அந்தச் செல். பெரும்பாலும் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட், சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் 3 மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 73,000 மணி நேரம் வரும். அதாவது எட்டு வருஷத்துக்கும் மேல். அடாப்டரோ பெரிய பேட்டரியோ இருக்கும் வரை கடிகாரம் அதிலிருந்தே சாப்பிட்டுக்கொள்ளும், செல்லுக்கு ஓய்வு. அதனால்தான் தினமும் ஓடும் லாப்டாப்பில் செல் நீண்ட நாள் தாங்குகிறது, பரணில் தூங்கும் லாப்டாப்பில் ராத்திரி பகலாக உழைத்துச் செத்துப்போகிறது.

ஆக, இருபது வருஷ லாப்டாப்பில் இந்தச் செல் தீர்ந்துபோவதை 'ரிப்பேர்' என்று சொல்வதே தப்பு. சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்தால் யாராவது சுவரை இடிப்பார்களா?

ஒரு செல், நாலு பொய் நோய்

பிரச்சினை என்னவென்றால், இந்தச் செல் செத்தால் 'செல் செத்துப்போச்சு' என்று எல்லா மெஷினும் நேராகச் சொல்லாது. வேறு வேறு வேஷம் போடும்.

வேஷம் 1: எர்ரர் நம்பர். பழைய திங்க்பேட்களில் 161, 163 என்று வரும். 161 என்றால் கடிகார பேட்டரி காலி, 163 என்றால் தேதி நேரம் வைக்கப்படவில்லை. பின்னால் வந்தவற்றில் 0271, 0251. தெரிந்தவருக்கு இது செல்லின் மரண அறிவிப்பு. தெரியாதவருக்கு ஏதோ மதர்போர்டே போன மாதிரி இருக்கும்.

வேஷம் 2: 'நெட் வேலை செய்யலை'. தேதி 2004க்குப் போய்விட்டது என்று வையுங்கள். இன்றைய இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்' என்று எழுதியிருக்கும். 2004ல் வாழும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! உடனே 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று கதவைச் சாத்திவிடும். தேதியைச் சரி செய்தால் முடிந்தது. ஆனால் நடப்பது? வைஃபை கார்டை மாற்றச் சொல்வார்கள்.

வேஷம் 3: 'ஹார்ட் டிஸ்க் போச்சு'. இதுதான் இருப்பதிலேயே கொடூரமானது. செல் செத்தால் பயாஸ் செட்டிங்ஸ் எல்லாம் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பும். 2006, 2007 காலத்து லாப்டாப் பலவற்றில் சாட்டா டிஸ்க்கை எந்த முறையில் பேசவைப்பது என்று ஒரு செட்டிங் உண்டு. எக்ஸ்பி போட்டவர்கள் அதைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றி வைத்திருப்பார்கள். செல் போனதும் அது ஏஹெச்சிஐக்குத் திரும்பும். எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லையென்றால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை. டிஸ்க் கல்லு மாதிரி நன்றாக இருக்கும்! ஆனால் கடையில், "டிஸ்க் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் பண்ணிடலாமா சார்?" பாவம் அவரும் தலையாட்டுவார். பத்து வருஷ போட்டோ பத்து நிமிஷத்தில் காலி. இன்னும் பழைய 386, 486 காலத்து மெஷின் என்றால் டிஸ்க்கில் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட் என்கிற விவரமே அந்தக் குட்டி நினைவகத்தில்தான் இருக்கும். அது போனால் டிஸ்க் இருப்பதே தெரியாது.

வேஷம் 4: இது காமர்ஸ் மக்களுக்காக. ஒரு மளிகைக் கடைக்காரர், கடன் பாக்கியை எக்ஸெலில் வைத்திருக்கிறார். 2024 ஜனவரி 10ல் கொடுத்த கடன். 'இன்றைய தேதியில் இருந்து கொடுத்த தேதியைக் கழி' என்று ஃபார்முலா. கணினித் தேதி 2004 ஜனவரி 1 ஆகிவிட்டால் என்ன வரும்? மைனஸ் 7,314 நாள். கடன் கொடுக்கவே இன்னும் இருபது வருஷம் இருக்கிறது என்று அர்த்தம். யாருமே பாக்கி இல்லை, ஊரே யோக்கியம் :-) சிரிக்கலாம்தான். ஆனால் அந்தத் தேதியோடு நாலு பில் போட்டு, நாலு ஃபைல் சேமித்துவிட்டால், எது முதலில் எது பின்னால் என்று பிரித்தெடுப்பதற்குள் அவருக்குத் தாவு தீர்ந்துவிடும்.

குற்றவாளி நம்பர் ஒன்று: கடை

இந்த நாலையும் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். செல்லை அளந்தால் புதுசு 3 வோல்ட்டுக்கு மேலே காட்டும், செத்தது ரொம்பக் கீழே. ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் 'போர்டு போச்சு' என்று சொல்வது ஒன்று அறியாமை, இல்லாவிட்டால் களவாணித்தனம். சம்பளம் வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்ப்பவருக்கு அறியாமையும் சாக்கு ஆகாது.

இருங்கள், கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. செல் ஐம்பது ரூபாய். ஆனால் மாடலைப் பொறுத்து, அதை எட்டுவதற்குக் கீபோர்டைத் தூக்கணும், சிலவற்றில் கை வைக்கும் பலகையையும் கழற்றணும். அரை மணி நேரம், பதினைந்து ஸ்க்ரூ. நியாயமாகக் கூலி 300 கேட்டால் நம்ம ஆள் என்ன சொல்வார்? "ஒரு பட்டன் செல்லுக்கு முந்நூறா? கொள்ளையடிக்கிறீங்களா?" என்பார். அதே ஆளிடம் 'போர்டு சர்வீஸ் 3,000' என்று சொன்னால், பெரிய வேலை போல என்று பவ்யமாக எண்ணிக் கொடுப்பார். உண்மையைச் சொன்னால் திட்டும், பொய்யைச் சொன்னால் பர்ஸைத் திறக்கும் வாடிக்கையாளர் இருக்கும் வரை கடை திருந்தாது. உழைப்புக்குக் காசு கொடுக்க மறுத்து, பார்ட்ஸுக்கு மட்டுமே காசு கொடுக்கும் புத்தி முதலில் மாறணும்.

குற்றவாளி நம்பர் இரண்டு: செய்கிறவர்கள்

தேய்ந்து தீரும் என்று தெரிந்தே ஒரு பொருளை உள்ளே வைக்கிறவன், அதை மாற்றும் வழியையும் வைக்க வேண்டாமா? ஐபிஎம் இதில் ஒழுங்காக இருந்தது. திங்க்பேடுக்கான பராமரிப்புக் கையேட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. எந்த ஸ்க்ரூ எங்கே, எதைக் கழற்றிய பிறகு எது, கடிகார பேட்டரி எங்கே என்று படம் போட்டு இருக்கும். 2005ல் லெனோவோ கைக்குப் போன பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. அந்தக் கையேடுகள் இருப்பதால்தான் டி42 மாதிரியான மெஷின்கள் இன்னும் உயிரோடு நடமாடுகின்றன.

எதிர் உதாரணமும் உண்டு. 1980களின் கடைசியில் டாலஸ் செமிகண்டக்டர் டிஎஸ்1287 என்று ஒரு சிப் விற்றது. கடிகாரம், படிகம், லித்தியம் செல் மூன்றையும் ஒரே கறுப்புக் கட்டியாக எபாக்சியில் வார்த்துவிட்டார்கள். பத்து வருஷம் தாங்கும் என்றார்கள், தாங்கியது. பதினோராவது வருஷம்? செல்லை மட்டும் மாற்ற வழியே கிடையாது. இன்றைக்குப் பழைய கணினி ஆர்வலர்கள் அந்தக் கட்டியை அரத்தால் ராவி, உள்ளே கம்பியைத் தேடி, வெளியே ஒரு சிஆர்2032ஐ ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு அப்பால் யோசிக்காதவர் செய்த வேலைக்கு, முப்பது வருஷம் கழித்து வேறு யாரோ அரம் பிடிக்கிறார்கள்.

இப்போதைய மெல்லிய லாப்டாப் பலவற்றில் தனிச் செல்லே கிடையாது. பெரிய பேட்டரியில் இருந்தே கடிகாரம் ஓடும். 'பார்த்தீங்களா, பிரச்சினையே தீர்ந்தது' என்பார்கள். அந்தப் பெரிய பேட்டரியையே பசை போட்டு ஒட்டி வைத்திருந்தால்? ஐம்பது ரூபாய்ப் பிரச்சினையை ஐயாயிரம் ரூபாய்ப் பிரச்சினையாக ப்ரமோஷன் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சட்டம் கொஞ்சம் கண்ணைத் திறந்திருக்கிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் லாப்டாப் உள்ளிட்ட சில பொருட்களில் 'எவ்வளவு எளிதாக ரிப்பேர் செய்யலாம்' என்று மதிப்பெண் ஒட்ட வேண்டும் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் வருஷ பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் கருவிகளில் உள்ள சிறு பேட்டரிகளை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும், சில விலக்குகளோடு. இந்தியாவில் 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டார்கள், அதே வருஷம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்ல ஆரம்பம். ஆனால் இணையதளம் வேறு, விற்பவனைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேறு.

குற்றவாளி நம்பர் மூன்று: நம்ம சிலபஸ் :-)

"பழைய லாப்டாப்புக்கு என்னடா மதிப்பு இருக்கு?" என்று கேட்பதில் காமர்ஸ் மாணவர்கள்தான் முதல் ஆள். தேய்மானம் படித்த தெனாவட்டு. கம்பெனிகள் சட்டம் 2013ன் இரண்டாம் அட்டவணையில் லாப்டாப்பின் ஆயுள் 3 வருஷம். வருமான வரியில் கணினிக்கு 60 சதவீதமாக இருந்த தேய்மானம் 2017-18ல் 40 சதவீதம் ஆனது. அந்த 40ஐ வைத்தே போடுங்கள். 40,000 ரூபாய் லாப்டாப், மூன்று வருஷத்தில் 8,640. பத்து வருஷத்தில் 242. இருபதாவது வருஷ முடிவில் ஒரு ரூபாய் 46 காசு.

"ஒண்ணரை ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பது ரூபாய் செல்லா?" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தேய்மானம் என்றால் என்ன என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்களே! போட்ட காசைப் பல வருஷங்களுக்குப் பிரித்து எழுதும் முறை அது. அந்தப் பொருளால் இன்னும் என்ன வேலை வாங்கலாம் என்று அளக்கும் கருவி கிடையாது. புத்தக மதிப்பு பூஜ்யத்தை நெருங்குவதால் கீபோர்டில் 'க' அடித்தால் 'க' விழாமல் போய்விடுமா?

இங்கே போட வேண்டிய கணக்கு வேறு. போன காசு போனது, அதை மறந்துவிடுங்கள். இனிமேல் ஆகும் செலவு எவ்வளவு, இனிமேல் கிடைக்கும் பயன் எவ்வளவு? ஒரு பக்கம் 50 ரூபாயும் ஒரு மணி நேரமும். இன்னொரு பக்கம் 30,000 ரூபாய் புது லாப்டாப், அதுவும் மாதத் தவணையில். தட்டச்சு, எக்ஸெல் பயிற்சி, பழைய ஃபைல்களை மீட்பது, தம்பி தங்கைக்கு முதல் கணினி என்றால் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று மார்ஜினல் காஸ்டிங் படித்தவர்களுக்குச் சொல்லணுமா?

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு, பாதுகாப்பு. எக்ஸ்பியோடு நெட்டில் அலைவது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. டி42 போன்ற 32 பிட் மெஷினுக்கு லினக்ஸ் வழியும் குறுகிக்கொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் அதற்கான இன்ஸ்டாலரே இல்லை. ஆகவே அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். நெட் இல்லாத வேலைக்கு வையுங்கள். ஆனால் 2008க்குப் பின் வந்த 64 பிட் லாப்டாப்களுக்கு இந்தச் சாக்கு பெரும்பாலும் பொருந்தாது. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்ததைக் காரணம் காட்டித் தூக்கி எறியப்படும் மெஷின்களில் பலவற்றுக்குத் தேவை ஒரு லினக்ஸும் ஒரு செல்லும்தான்.

நம்ம ஊரிலேயே பாருங்கள். 2011 செப்டம்பர் 15ல் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பல லட்சம் வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அந்த ஆரம்ப கால மெஷின்கள் இப்போது பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டன. தனிச் செல் உள்ளவற்றில் அது தீர்ந்துபோகும் வயசு இதுதான். 'ஆன் ஆனா தேதி தப்பா காட்டுது, என்னமோ கேக்குது' என்று பீரோ மேல் ஏற்றப்பட்டவை எத்தனையோ.

சரி, மாற்றுவது எப்படி?

1. முதலில் பயாஸுக்குள் போய் இப்போதைய செட்டிங்ஸை போனில் போட்டோ எடுங்கள். முக்கியமாக டிஸ்க் முறை.

2. அடாப்டரைப் பிடுங்கி, பெரிய பேட்டரியையும் கழற்றுங்கள். மாடல் பெயரோடு கையேட்டைத் தேடி, செல் எங்கே என்று பாருங்கள். ஸ்க்ரூக்களை ஒரு பேப்பரில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள்.

3. லாப்டாப்பில் செல் பெரும்பாலும் மஞ்சளோ கறுப்போ உறை போட்டு, ரெண்டு ஒயரோடு, குட்டி கனெக்டரில் இருக்கும். சிவப்பு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். ஒயர் வைத்ததாகவே வாங்குங்கள், ரிச்சி தெரு பக்கம் போனால் விசாரித்துப் பாருங்கள்.

4. செல்லின் மேல் நேராகச் சால்டரிங் வைக்கவே கூடாது. சூட்டில் கெடும், வெடிக்கவும் கூடும்.

5. பழைய செல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சிஆர் என்றால் சார்ஜ் ஆகாத வகை. எம்எல், விஎல் என்று ஆரம்பித்தால் சார்ஜ் ஆகும் வகை, போர்டு அதற்கு மின்சாரம் அனுப்பும். அந்த இடத்தில் சிஆர் வைத்தால் ஆபத்து. அதே வகைதான் வைக்கணும்.

6. 90களின் சில லாப்டாப்களில் பச்சை, மஞ்சள் நிறத்தில் குட்டி உருளை மாதிரி நிக்கல் பேட்டரிகள் இருக்கும். அவை காரத்தைக் கக்கி போர்டை அரிக்கும். இந்த மாதிரி மெஷின் வீட்டில் இருந்தால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்றைக்கே திறந்து அதை எடுத்துவிடுங்கள். 'போர்டு போச்சு' என்பது உண்மையாகவே ஆகும் இடம் இதுதான்.

7. மூடிவிட்டு, தேதி நேரம் வைத்து, போட்டோவைப் பார்த்துச் செட்டிங்ஸை மாற்றி, சேமியுங்கள்.

ஒரு வதந்தி: செல்லைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும் என்பார்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் இருக்கிறது, செல்லைக் கழற்றினால் போகாது. அந்த ஆசையில் யாரும் திறக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அடுத்த தடவை கடையில் 'போர்டு போச்சு' என்று சொன்னால், கோபப்படாமல் ஒரே கேள்வி கேளுங்கள்: "கடிகார செல்லை அளந்து பார்த்தீங்களா அண்ணா?" பார்த்தேன், 3 வோல்ட் இருக்கு என்று மீட்டரைக் காட்டினால் அவரை நம்பலாம். முழித்தால் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அளந்து, செல்தான் பிரச்சினை என்று உண்மையைச் சொன்னால் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.

டிஸ்கி: கழற்றிய பட்டன் செல்லை மேஜையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால், அது விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். செத்த செல்லும் அப்படித்தான். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.